கிறுகிப் படுங்க

அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலில் சொந்தக்காரர் ஒருவரின் புது வீட்டுக் குடிபூரல். சாப்பாடு முடிந்து ஆண்கள் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு அரசியல் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் பின் விறாந்தையில், வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தோம். கல்யாணம் முடித்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளை ஒருத்தி, எனக்குப் பெறாமகள் முறை, கண் இரண்டும் உள்ளே போய் கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தாள். "என்ன புள்ள, ஏதும் விசேஷமா?" என்று ஒருவர் கேட்டார். "விசேஷமும் இல்ல, ஒண்டும் இல்ல பெரியம்மா. அவர் குறட்டை விடுறார். ராவெல்லாம் முழிப்பு. இப்ப மண்டபத்துல பாய் போட்டுப் படுக்கிறன்" என்றாள். விறாந்தையே சிரித்தது. சிரித்து முடிந்ததும் இரண்டு புத்திமதி வந்தது. ஒன்று, பழகிப் போகும். மற்றது, மண்டபத்தில் மட்டும் படுக்காதே, சனம் வேறு மாதிரிக் கதைக்கும்.

குடிபூரல் சாப்பாடு அன்றிரவே செமித்துவிட்டது. இந்த இரண்டு புத்திமதியும் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. ஏனென்றால் இதே இரண்டையும்தான் எனக்கும் சொன்னார்கள், என் அக்காவுக்கும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் குறட்டை என்றால் ஒன்றில் பகிடி, இல்லாவிட்டால் பெண்ணுடைய பொறுமைக்கு வைக்கும் சோதனை. குறட்டை விடுகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் தூங்குகிறார். முழித்திருக்கிறவளிடம்தான் எல்லாரும் வந்து "நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்கிறார்கள்.

அந்த விறாந்தையில் இன்னொன்றையும் கவனித்தேன். அங்கிருந்த அத்தனை பேரும் தங்கள் புருஷன்மாரின் குறட்டையைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார்கள். தானும் குறட்டை விடுவதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஐம்பது கடந்தவர்கள்தான் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் குறட்டை கூடும் என்பது டொக்டர்மாருக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் ஆம்பிளை குறட்டை விட்டால் களைப்பு, பொம்பிளை விட்டால் வெட்கக்கேடு. அதனால் பெண்களின் குறட்டை கிளினிக் வரைக்கும் வருவதே அரிது.

சேர்ந்து படுப்பது எப்போது வந்த வழக்கம்?

இரண்டாவது புத்திமதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் எனக்குக் கூடக் கோபம். தனியாகப் படுத்தால் சனம் கதைக்கும் என்று சொன்ன அம்மாமார் தங்கள் காலத்தில் எங்கே படுத்தார்கள்? என் அம்மம்மா வீட்டில் அந்தக் காலத்து ஆண்கள் எல்லாம் திண்ணையில்தான். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே, பன்பாயில் வரிசையாக. வேளாண்மை குடலை பிடித்து விட்டால் ஆண்கள் வயல் வட்டைக்குக் காவலுக்குப் போய்விடுவார்கள். யானைக்கும் பன்றிக்கும் காவல். வாடியிலும் பரணிலும் படுத்து, அறுவடை முடிந்துதான் வீட்டு நித்திரை. எத்தனை இரவுகள் அந்தப் பெண்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான் வரும். ஒரே கட்டிலில், ஒரே மெத்தையில், வருடம் முழுக்கப் புருஷனும் பெண்சாதியும் படுத்தே ஆகவேண்டும் என்பது மொறட்டுவையில் இருந்து சீதனக் கட்டில் லொறியில் வந்து இறங்கத் தொடங்கிய பிறகு வந்த சட்டம். கட்டில் வந்தது. கட்டிலோடு சேர்ந்து அதில் படுத்தே தீரவேண்டும் என்ற கடமையும் வந்தது.

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பதால் இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறட்டை விடுகிறவர் வந்து சேர்ந்திருப்பது மாமியார் வீட்டில். எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. உள் சுவர்கள் கூரை வரை போகாது, எட்டடி உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே வெறும் வெளி. காற்றோட்டத்துக்கு நல்லது என்று அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். ஓர் அறையில் தும்மினால் மூன்றாவது அறையில் "நூறு" என்பார்கள். என் வீட்டுக்காரரின் குறட்டை சுவரில் ஏறி, கூரையில் பட்டு, அம்மாவின் அறைக்குள் இறங்கும். அம்மாவோ மருமகனோடு முகம் கொடுத்துக் கதைக்காத தலைமுறை. சத்தம் உச்சத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு செருமல் வரும். அது எனக்கான தந்தி. நான் இவருடைய தோளில் தட்டி, "இஞ்சாருங்க, கிறுகிப் படுங்க" என்பேன். இவர் "ம்" என்று சொல்லி ஒருக்களித்துப் படுப்பார். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு தானாகவே மல்லாந்து விடுவார். மறுபடியும் செருமல். வருடக்கணக்காக இப்படித்தான் இரவுகள் போயின. காலையில் அம்மா மருமகனுக்குத் தேத்தண்ணி ஊற்றி அனுப்புவார், ஒரு வார்த்தை கேட்கமாட்டார். இவரும் "நல்ல நித்திரை" என்று சோம்பல் முறித்தபடி கந்தோருக்குப் போவார்.

அடுத்த அறையில் போய்ப் படுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சுவர் கூரை வரை போகாத வீட்டில் அடுத்த அறை என்று ஒன்று கிடையாது.

செய்து பார்த்தவை

கிறுகிப் படுப்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து போகின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பாகம் பின்னால் சரிந்து மூச்சுப் போகும் வழியை ஒடுக்கும். ஒடுங்கிய வழியால் காற்று போகும்போது மேலண்ணத்தின் மெத்தென்ற பகுதியும் உள்நாக்கும் படபடக்கும். அதுதான் சத்தம். ஒருக்களித்துப் படுத்தால் நாக்கு அவ்வளவு பின்னால் போகாது. பலருக்கு இது ஒன்றே பாதிக் குறட்டையைக் குறைத்துவிடும். சட்டையின் முதுகுப் பக்கத்தில் டெனிஸ் பந்து ஒன்றை வைத்துத் தைத்துவிடுவது உலகம் முழுக்கத் தெரிந்த பழைய உபாயம். மல்லாந்தால் பந்து குத்தும், தானாகத் திரும்பிவிடுவார். மகனுடைய பந்தை எடுத்து நானும் தைத்தேன். வேலை செய்தது. ஆனால் இவர் நித்திரையிலேயே அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மல்லாந்து படுக்கப் பழகிக்கொண்டார். அந்தத் திறமையை வேறு எதிலாவது காட்டியிருக்கலாம்.

சித்தாலேப என்ற களிம்பை மூக்கில் தடவினால் மூக்குத் திறந்தது போல இருக்கும், வாசமும் வரும். தடிமன் நாட்களில் உதவும். சத்தம் தொண்டையில் இருந்து வருகிறவருக்கு மூக்கில் தடவி என்ன பலன்? சாராயம் நிச்சயமாகக் கூட்டும், தளர்ந்த தொண்டையை அது இன்னும் தளர்த்தும். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த இரவில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பெண்கள் குறட்டையை வைத்தே சொல்லிவிடுவார்கள், வாயை மணந்து பார்க்கத் தேவையில்லை. தூக்க மாத்திரையும் அப்படித்தான். நித்திரை சரியில்லை என்று சொல்லிக் குறட்டைக்காரர் தானாகவே வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லதல்ல.

இனி முழித்திருக்கிறவரின் பக்கம். ஃபேன்தான் ஏழையின் மருந்து. கச்சான் காற்றுக் காலத்தில் ஃபேனை அஞ்சில் போட்டுவிட்டால் அந்த இரைச்சலுக்குள் குறட்டை பாதி மறைந்துவிடும். வைகாசி முதல் ஆவணி வரைக்கும் எங்கள் வீட்டில் சமாதானம் இருந்ததற்கு அந்தப் பழைய ஃபேனின் கடகடப்பே காரணம். மாரி தொடங்கி, குளிருக்கு ஃபேனை நிறுத்தும்போதுதான் சனி பிடிக்கும். அந்தக் காலத்தில் தவளைகள் கொஞ்சம் உதவின.

காதுக்குப் பஞ்சு வைப்பது வீண், பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. கடையில் விற்கிற மெத்தென்ற நுரை அடைப்பான் பரவாயில்லை. ஆனால் பெரும்பாலானோர் அதைக் காது வாசலில் ஒட்டிவைத்துவிட்டு "இது சரிவராது" என்கிறார்கள். விரல்களுக்கு இடையில் உருட்டி ஒல்லியாக்கி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தபடி உள்ளே செருகி, அது விரியும் வரைக்கும் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நன்றாகச் செருகினால் உங்கள் குரலே குடத்துக்குள் இருந்து வருவது போல மாறும். அப்போதுதான் சரி. நல்ல அடைப்பான் பெட்டியில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வுகூடத்தில் சரியாகச் செருகிப் பார்த்த கணக்கு. 1993இல் சுவீடனில் ஒருவருடைய குறட்டையை ஆஸ்பத்திரியில் வைத்து அளந்து 93 டெசிபல் என்று கின்னஸில் பதிந்தார்கள். அந்த மனிதருக்குப் பக்கத்தில் அடைப்பானோடு படுத்தாலும், அறைக்குள் ஒருவர் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருக்கும் அளவு மிஞ்சியிருக்கும். அதோடு குறட்டையின் அடித்தொண்டைச் சத்தம் மற்றச் சத்தங்களைவிடச் சுலபமாக அடைப்பானைத் தாண்டி வரும்.

என் பிரச்சினை வேறு. அடைப்பானைப் போட்டால் குறட்டை மட்டுமா மறையும்? பிள்ளை இருமுவது, அம்மா கூப்பிடுவது, எல்லையில் யானை வந்துவிட்டது என்று வெடில் போடுவது, எல்லாமே மறைந்துவிடும். வீட்டில் ஒருவராவது காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எந்த வீட்டிலும் கூடிப் பேசித் தீர்மானிப்பதில்லை.

பழகிப் போகுமா

பழகிப் போகும் என்பதை நான் நம்பவில்லை. நித்திரை வந்துவிடும், அது உண்மை. களைத்த உடம்பு எந்தச் சத்தத்திலும் விழுந்துவிடும். ஆனால் தூங்கிப்போவதும் நல்ல நித்திரையும் ஒன்றல்ல. 1999இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பத்துச் சோடிகளை ஒரே இரவில் சேர்த்து அளந்தார்கள். குறட்டைக்காரர்களுக்கு இரவின் பாதியில், தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் காற்றழுத்த மெஷினைப் பூட்டி, பக்கத்தில் படுத்திருந்தவருடைய நித்திரை எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். படுக்கையில் இருந்த நேரத்தில் 74 வீதம் தூங்கிய துணைவர்கள் 87 வீதம் தூங்கினார்கள். முழு இரவுக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். வருடக்கணக்காகப் பக்கத்தில் படுத்துப் பழகியவர்கள்தானே அவர்களும்? பழகியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் எங்கிருந்து வந்தது? பத்துச் சோடி என்பது சின்னக் கணக்குத்தான். ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி வாசித்தபோது, அதை எனக்கு யாரோ கடனாகத் தரவேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

குமுக்கன் ஆற்றங்கரை

இவ்வளவும் இருந்தும் நான் குறட்டையை ஒரு சத்தப் பிரச்சினையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிர்காமத்துக்குக் காட்டு வழியால் நடந்துபோன ஒரு வருடம் அது மாறியது.

உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கிய எங்கள் குழு, குமுக்கன் ஆற்றங்கரையில் இராத்தங்கியது. நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தனி அறையும் இல்லை, தனி மரமும் இல்லை. மணலில் படங்கை விரித்து, தலைமாட்டில் பையை வைத்து, நெருக்கி நெருக்கிப் படுப்பதுதான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் நெருப்பு. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரைக்கும் எல்லாரும் சாமி. எங்களோடு வந்த வயதான ஒரு சாமி, கழுத்தும் வயிறும் பெருத்த மனிதர், படுத்த கையோடு தொடங்கினார். பொடியன்மார் இருட்டுக்குள் இருந்து "சாமி, இண்டைக்குக் கரடி கிட்டயும் வராது" என்று பகிடி விட்டார்கள். கால் கொப்புளத்தோடு படுத்திருந்த ஒருவர் கெஞ்சினார், "ஐயா சாமி, கொஞ்சம் கிறுகிப் படுங்க சாமி." சாமி கிறுகவில்லை.

எங்கள் வட்டையில் பழைய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று இருந்தது. கயிற்றை இழுத்தால் தடதடவென்று எடுக்கும், இருமும், சடாரென்று நின்றுவிடும். எல்லாரும் அதைப் பார்த்தபடி நிற்போம். பிறகு யாரும் தொடாமலே ஒரு முறை குமுறி மறுபடி எடுக்கும். அந்தச் சாமியின் குறட்டை அப்படித்தான் இருந்தது. ஏறி ஏறிப் போய், ஓர் இடத்தில் அப்படியே நின்றது. "அப்பாடா" என்று பக்கத்தில் யாரோ சொன்னது கேட்டது. நானும் கண்ணை மூடினேன்.

எனக்கு அடுத்ததாகப் படுத்திருந்த அக்கா எழும்பி உட்கார்ந்தார். அவர் ஒரு நேர்ஸ், ஓய்வு பெற்றவர். போனின் வெளிச்சத்தில் கையைக் குழித்து மறைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, நுளம்பா?" என்று கேட்டேன். "சும்மா இரு புள்ள, எண்ணுறன்" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. நெருப்பு வெளிச்சத்தில் அந்தச் சாமியின் வயிறு தெரிந்தது, ஏறி இறங்க எத்தனிப்பது போல உள்ளே இழுத்தது. ஆனால் மூக்காலோ வாயாலோ காற்றுப் போகும் சத்தம் இல்லை. பிறகு, முங்கி எழும்பியவர் மூச்சு இழுப்பதைப் போன்ற ஒரு திணறல், உடம்பு முழுக்க ஒரு துடிப்பு, மறுபடி குறட்டை. "பத்து செக்கன் நின்டாலே கணக்கெடுக்க வேணும்" என்றார் அக்கா. "இது அதத் தாண்டிப் போகுது. கேட்டுக்கொண்டிரு, திரும்பவும் நிக்கும்." திரும்பவும் நின்றது. அன்றிரவு நானும் அக்காவும் தூங்கவில்லை. சத்தம் நிற்க நிற்க மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியாகக் கிறுகிப் படுத்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

விடியப்புறம் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும்போது அக்கா அந்தச் சாமியின் மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். "அம்மா, ஐயாக்கு பிரஷர் இருக்கா?" இருந்தது, குளிசை போட்டும் குறையவில்லை. "விடிய எழும்பினா தலையிடிக்குமா?" ஓம். "இருந்த இடத்துல தூங்கி விழுவாரா?" அந்த அம்மா சிரித்துவிட்டார், "கோயில்ல பூசை நடக்கக்குள்ளயே தூங்குவார்." அக்கா கடைசியாக, இரவில் மூச்சு நிற்பதைக் கண்டிருக்கிறாரா என்று கேட்டார். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்ன பதில் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது: "குறட்டை நிக்கிறது தெரியும் மகள். அது நிக்கிற நேரம் பார்த்துத்தான் நான் கண்ணயருற."

எத்தனை வருடமாக அந்த இடைவெளிகளைப் பார்த்துப் பார்த்துத் தூங்கியிருப்பார் அந்த மனுஷி! அவரைப் பிழை சொல்ல என்ன இருக்கிறது? சத்தம்தான் பிரச்சினை, சத்தம் நின்றால் பிரச்சினை தீர்ந்தது என்றுதானே எல்லாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பழகிப் போகும் என்ற புத்திமதி செய்கிற வேலை இதுதான். பக்கத்தில் படுத்திருப்பவர் ஒருவர்தான் மூச்சு நிற்பதைக் கண்டுபிடிக்கக் கூடியவர். அவருடைய காதைத்தான் நாங்கள் முதலில் மரத்துப்போகச் செய்கிறோம்.

சாட்சி

வீட்டுக்கு வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, இவருக்குப் பக்கத்தில் முழித்திருந்து கேட்டேன். நின்றது. அந்தச் சாமி அளவுக்கு இல்லை, ஆனால் நின்றது. காலையில் சொன்னால் நம்பவில்லை. "நான் குறட்டையே விடுறல்ல, நீ மூச்சு நிக்குது எண்டு சொல்றாய்." குறட்டைக்காரரோடு இதை வாதாட முடியாது, அவர்தான் அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்காத ஒரே ஆள். போனைத் தலைமாட்டில் வைத்து ஒலிப்பதிவு செய்தேன். கேட்கக் கொடுத்தபோது முதலில் சிரித்தார். இடைவெளி வந்தது. சிரிப்பு நின்றது. திணறல் வந்ததும் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "இது நானா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போவதற்கு நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

டொக்டர் இவரிடம் குறட்டை விடுவீர்களா என்று கேட்டார். இவர் பழக்கதோஷத்தில் "இல்ல" என்றார். டொக்டர் என் பக்கம் திரும்பினார். அத்தனை வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் முறைப்பாடாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். நித்திரையில் மூச்சு நிற்கும் இந்த நோய் (ஸ்லீப் அப்னியா) இருக்கலாமா என்று பார்க்க, 2008இல் டொரண்டோவில் உருவாக்கிய எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது கண்டிருக்கிறார்களா, பிரஷர், பருமன், ஐம்பது வயதுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா, ஆணா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் குறட்டை விடுகிறவரால் பதில் சொல்லவே முடியாது. கழுத்தை அளக்க நான் பக்கத்து வீட்டுத் தையல்கார மச்சாளிடம் நாடா வாங்கினேன். "கோட்டு தைக்கப் போறாரா?" என்று கேட்டாள்.

கொழும்பில் ஓர் இரவு நெஞ்சிலும் விரலிலும் மூக்கடியிலும் வயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது என்பதுதான் கணக்கு. ஐந்துக்குக் கீழே என்றால் பயமில்லை, 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இவர் நடுத்தரத்தில் இருந்தார். நிறையைக் குறைக்கச் சொன்னார்கள், இரவில் குடியை நிறுத்தச் சொன்னார்கள், மெஷின் ஒன்றும் எழுதித் தந்தார்கள். அந்தப் பெரும்போக நெல் விற்ற காசு அப்படியே அதற்குள் போனது. அது ஒட்சிசன் கொடுக்கிற மெஷின் இல்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அறையில் உள்ள காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கால் ஊதி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைத்திருக்கும். சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1981இல் இதைப் பற்றி முதலில் எழுதினார், ஆரம்ப மெஷின்களில் தூசு உறிஞ்சும் மெஷினின் மோட்டரைத்தான் பூட்டியிருந்தார்களாம். இவருக்கு மீசையால் முகமூடி கசிந்தது. மீசையா நித்திரையா என்று ஒரு கிழமை யோசித்துவிட்டு மீசையை ஒதுக்கினார். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய காலம் வந்தபோது மெஷினும் ஃபேனும் ஒன்றாக நின்றன. அந்த நாட்களில் இவர் விறாந்தையில் ஒருக்களித்துப் படுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சனம் என்ன கதைத்தது என்று எனக்குத் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மெஷின் பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகளையும் தேடுகிறார்கள். 2006இல் சுவிற்சர்லாந்தில் இருபத்தைந்து பேரை வைத்து, அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் நீள ஊதுகுழலை நான்கு மாதம் ஊதவைத்துப் பார்த்தார்கள். தொண்டைத் தசைகள் இறுகியிருக்க வேண்டும், பகல் தூக்கமும் குறைந்தது, பக்கத்தில் படுப்பவர்களின் தொல்லையும் குறைந்தது. பிறகு ஜெய்ப்பூரில் அதையே சங்கை வைத்துச் செய்து, ஆறு மாதத்தில் பலன் கண்டதாக 2025இல் எழுதியிருந்தார்கள். முப்பது பேர் மட்டுமே கலந்துகொண்ட சின்ன ஆய்வு. சுவாமி அறையில் சங்கு இருக்கிறதே என்று இவருக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்கு இப்பவே சங்கு ஊதப் பாக்கிறியா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பெறாமகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மண்டபத்திலேயே படு, யார் கேட்டாலும் சொல், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மண்டபத்துக்குப் போவதற்கு முதல் சில இரவுகள் பக்கத்தில் இருந்து கேள், போனில் பதி. வெறும் சத்தம் மட்டும் என்றால் நீ மண்டபத்தில், அவர் அறையில், இரண்டு பேரும் சந்தோஷமாக இருங்கள். நடுவில் நிற்கிறது என்றால் அடுத்த நாளே அவருக்குப் போட்டுக்காட்டு. பொடியன் மோட்டார் சைக்கிளில் அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போகிறவன். அரைத் தூக்கத்தில் ஓட்டுகிறவனுக்கு என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அவள் பதிந்து எனக்கும் அனுப்பினாள். கேட்டேன். வெறும் சத்தம்தான். ஆனால் என்ன சத்தம்!

இந்த வருடம் கதிர்காமத்தில் கொடியேறுவதற்கு முதல் காட்டுப்பாதை திறந்ததும் இவரும் நடக்கப் போகிறாராம். உகந்தைக்கு அங்கால் பிளக் போட இடம் இல்லை, மெஷினுக்கு ஏற்ற பற்றரி கனம், முதுகில் அரிசியும் தண்ணியும் வேறு. அதனால் பயணப்பையை முதுகோடு கட்டிக்கொண்டு ஒருக்களித்தே படுப்பதாக டொக்டரிடம் கேட்டு வந்திருக்கிறார். நான் பெண்கள் பக்கத்தில் படுத்திருப்பேன், இவர் நெருப்புக்கு அந்தப் பக்கம். அவருக்கு இரண்டு பக்கமும் படுக்கப் போகிற சாமிமாரிடம் முதல் நாளே சொல்லி வைக்கப்போகிறேன். சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் சாமி, சத்தம் நின்றால் தட்டி எழுப்புங்கள்.